பொப்ளினுக்கு ஆறு

கப்பல் கப்டன்மார் நம்முடைய துறைமுகத்துக்குள் வரக் கையில் வைத்திருக்கும் கடற்படத்தைவிடத் திறமானது, கிண்ணியாவில் லைலா தன் தையல் மெசினுக்கு மேலே தொங்கவிட்ட கலண்டர் மட்டை. கடற்படம் பிழைத்தால் ஒரு கப்பல்தான் தாழும். லைலாவின் மட்டை பிழைத்தால் மாவட்டமே போடச் சேட்டில்லாமல் நிற்கும்.

மெசின் பழசு. நூலை இறுக்கும் திருகில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கம். காலையில் லைலா தைப்பாள், பின்னேரம் பக்கத்து வீட்டு பரீதா. ஒருத்தி வைத்ததை மற்றவள் திருப்புவாள். டவுன் புடவைக்கடை முதலாளி பள்ளிக்கூடச் சேட்டைத் தூக்கிப் பார்த்து, "ஒரு கை தொங்குது, ஒரு கை சுருங்குது. அடுத்த சேட்டுக் கட்டும் இப்படியெண்டா வேற ஆளப் பாக்கிறன்" என்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் லைலா துண்டுதுண்டாகத் தைத்துப் பார்த்து, எந்தத் துணிக்குத் திருகு எத்தனையில் என்று மட்டையில் எழுதினாள்: பொப்ளினுக்கு ஆறு, மெல்லிய வொயிலுக்கு நாலு.

கொஞ்ச நாள் தையல் சொன்னபடி கேட்டது. கட்டு கொடுப்பதற்கு முதல்நாள், ஆறில் வைத்து மிதித்தாள். படக்கென்று நூல் அறுந்தது.

"பரீதா, நேத்து எதில வச்ச?"

"உன்ட மட்டையப் பாத்துத்தான் வச்சனான். எனக்கும் அறுந்தது. எழுதினவ நீ, மட்டையிட்ட நீயே கேள்."

கடைகளில் ஊசிகூடக் கிடைக்காத காலம். பொத்தி வைத்திருந்த ஊசியை மாற்றினாள். அறுந்தது. நூலை மாற்றினாள். அறுந்தது. உப்புக்காற்றைத் திட்டினாள். ஆறை அழித்து ஐந்து எழுதினாள். துணி, வெயிலில் போட்ட கருவாடு மாதிரிச் சுருண்டது. வொயிலும் அப்படியே. மட்டையைப் பிடுங்கி மெசினுக்கே ஒரு அடி போட்டாள். "எழுதாமலே இருந்திருக்கலாம்!"

பிறகு, வாங்கினதிலிருந்து ஒருநாளும் கழற்றாத திருகைக் கழற்றினாள். நூல் நுழைந்து போகும் இரண்டு சின்னத் தகடுகள் கண்ணாடியாய் மினுங்கின. வருசக்கணக்கான பஞ்சு அடைந்து, ஒன்றோடொன்று படாமல், நூலை இறுக்கிப் பிடிக்காமல் கிடந்திருக்க வேண்டியவை.

"துணிக்கு இறுக்கம் எழுதல்ல, நான் ஊத்தைக்கு எழுதியிருக்கன்" என்றாள்.

மூன்றில் வைத்தாள். தையல் ஓடிற்று, அலுங்காமல். நாளைக்குக் கட்டுப் போகும். அவள் மூஞ்சியின் கடுகடுப்பு மட்டும் மாறவில்லை. வாசலில் பிலாச்சுளை தின்றுகொண்டிருந்த தம்பிக்காரன், அதாவது இதை எழுதுகிறவன், முகட்டைப் பார்த்தான்.

"இதத் துடைச்சது ஆர்டா?"

"ஜின்னா இருக்கும், ராத்தா. நீ கால் கடுக்க மிதிக்கிறதப் பாத்துப் பாவப்பட்டிருக்கும்."

லைலா திருகின் இடுக்கிலிருந்து ஒரு வெள்ளை மயிரை நகத்தால் இழுத்தாள்.

"ஜின்னுக்கு வாப்பாட சவர பிரஷ் எப்படிடா கிடைச்சது?"

பென்சிலை அவன் கையில் திணித்தாள். "எல்லாத்தையும் புதுசா எழுது. முதல் வரியில, துடைச்ச ஆள்ட பேர்."