காலர் அக்காவின் வலது முட்டி

தையல் கம்பெனியில் அவளைக் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குக் காலர் வைக்கும் மிஷினிலேயே பாதி ஆயுசு ஓடிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். சூப்பர்வைசர் அவள் வரிசைப் பக்கம் வருவதற்கு முன் சட்டையைச் சரிசெய்துகொண்டுதான் வருவார். அந்த வாய் இப்போது அடைத்துக் கிடந்தது.

நடந்தது இதுதான். ஸ்கூட்டரை ஓட்டியது அவள். பின்னால் புருஷன். திருப்பத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணலில் சக்கரம் வழுக்கியது. பின்னால் லாரி. அவர் அங்கேயே போய்விட்டார். அவளுக்கு வலது முட்டி மட்டும் போயிற்று.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் செத்தவரைப் பற்றிப் பேச நாக்கு எழவில்லை. முட்டிதான் அவர்களைக் காப்பாற்றியது. ஒருவர் எண்ணெய் சொன்னார், ஒருவர் கத்தி வைத்தால் அவ்வளவுதான் என்றார், இன்னொருவர் வேட்டியைத் தூக்கித் தன் முட்டியையே காட்டிவிட்டார். வீடு முழுக்க எலும்பு டாக்டர்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. அழுகை வரவில்லை, வரவில்லையே என்ற வெட்கமும் வரவில்லை.

வெளியே போனவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "ஓட்டுனவளுக்கு வெறும் முட்டிதான் பாரேன்" என்று பேசியதும் காதில் விழுந்தது. அதுவும் சுடவில்லை.

மாமியார் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சோறு போட்டார். தினமும் காலையில் கீல் வைத்த பெல்ட்டை முட்டியில் மாட்டி, பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினார். மகன் எப்படி விழுந்தான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் பட்டையைக் கட்டிக்கொண்டே, "உன் கால் சரியாகட்டும். அப்புறம் நான் மக வீட்டுக்குப் போயிடறேன்" என்றார்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அத்தையும் போய்விட்டால் அவளும் சுவரும்தான். இது தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தாள். வண்டியில் கை வைத்திருந்தது அவள்தானே. ஆனாலும் மரக்கட்டையாய்க் கிடந்த அந்த மனசில் ஒன்றே ஒன்று மட்டும் அசைந்தது. அத்தை போகக் கூடாது.

அந்த பெல்ட் எழுதிக்கொடுத்த முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் கூட்டிப்போயிருந்தான். டாக்டர் கேட்டதெல்லாம் அவளை. பதில் சொன்னதெல்லாம் அண்ணன்.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"தையல் வேலை டாக்டர். உக்காந்தே செய்யறதுதான்."

டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். ரெண்டு ஜவ்வு கிழிந்திருக்கிறது. உள்பக்க ஜவ்வு பெல்ட் போட்டு வைத்தால் பெரும்பாலும் தானே கூடிவிடும். நடுவில் குறுக்கே போகிற ஜவ்வு அப்படித் தானாக ஒட்டிக்கொள்ளாது. ஆனால் ஓடாமல், சட்டென்று திரும்பாமல் இருப்பவர்கள் தொடையைப் பலப்படுத்தி அது இல்லாமலே சமாளித்துவிடலாம். "உக்காந்த வேலைதானே, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றார். அண்ணனுக்குத் தேர்தலில் ஜெயித்த முகம்.

சில வாரத்தில் பெல்ட்டைக் கழற்றினார்கள். பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் நல்லவள். காலை நீட்டு, தூக்கு, இறுக்கு என்று பாடாய்ப் படுத்தி நடக்க வைத்துவிட்டாள். காலர் அக்கா வேலைக்குப் போனாள்.

உட்கார்ந்த வேலைதான். ஆனால் அந்த மிஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் குட்டிப் பாதத்தைத் தூக்க, மேசைக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். இரண்டு கையிலும் காலர் இருக்கும்போது அந்தத் தட்டை வலது முட்டியால் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். ஒவ்வொரு காலருக்கும் தள்ள வேண்டும். தள்ளும்போதெல்லாம் முட்டியின் உள்பக்கம் கதவு மாதிரித் திறந்துகொண்டது.

யாரிடமும் சொல்லவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். கால் சரியாகாத வரைக்கும் அத்தை வீட்டில் இருப்பார் என்று ஒரு கணக்கு. பைத்தியக்காரி, வேறென்ன சொல்வது!

ஒருநாள் கம்பெனியில் துணிக்கட்டோடு படி இறங்கும்போது முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர், "டாக்டர் ஒரு வார்த்தை சொல்லாம உங்கள மிஷின்ல உக்கார வைக்க மாட்டேன்க்கா" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் வெளியூர் போயிருந்தான். கூட வந்தது மாமியார்.

டாக்டர் ஒரு கையால் கணுக்காலைப் பிடித்து, இன்னொரு உள்ளங்கையால் முட்டியின் வெளிப்பக்கத்தை அழுத்தினார். உள்பக்கம் திறந்தது.

"இதத்தான் டாக்டர் நான் நாள் பூரா செய்யறேன்" என்றாள் காலர் அக்கா. உட்கார்ந்தபடியே முட்டியால் தள்ளிக் காட்டினாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கு நானும் இன்னும் கேட்டிருக்கணும்" என்றார். உள்பக்க ஜவ்வு கூடியிருக்கிறது, ஆனால் தொளதொளவென்று கூடியிருக்கிறது. இனிமேல் ரெண்டையும் ஆபரேஷன் பண்ணி இறுக்க வேண்டும். குறுக்கு ஜவ்வுக்குத் தொடைக்குப் பின்னாலிருந்து தசைநார் எடுத்துப் போட வேண்டும். "வேற எதுவும் கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும். விழும்போது இந்தக் கால் எங்க இருந்துச்சு?"

"தரையில ஊணியிருந்தேன்."

"உடம்பு?"

"இடப்பக்கமா, பின்னாடி திரும்பினேன்."

"வண்டி முன்னாடிதானே போச்சு? பின்னாடி ஏன் திரும்பினீங்க?"

"அவரு நழுவினாரு. பிடிக்கத் திரும்பினேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "அப்பதான் கிழிஞ்சிருக்கு. விழுந்ததுல இல்ல" என்றார்.

வெளியே பெஞ்சில் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தார்கள். மாமியார் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் கை கிடைச்சுதா?" என்றார்.

"சட்டைதான் கிடைச்சுது அத்தை. தோள்கிட்ட. பிடிச்சேன். நிக்கல."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேக்க பயமா இருந்துச்சு" என்றார் மாமியார். "நீ பாட்டுக்கு விட்டுட்டேன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். காலர் அக்கா தனக்கும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. டாக்டர் அழுத்திய இடம் மட்டும் விண்விண்ணென்று தெறித்தது.

நர்ஸ் வந்து, ஆபரேஷன் அன்றைக்கும் அதற்கப்புறமும் கூட இருக்கப்போவது யார் என்று கேட்டாள். காலர் அக்கா அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தான்" என்றார் மாமியார். "இவ நடக்கற வரைக்கும் நான்தான். நடந்தப்புறமும் நான்தான் இருப்பேன். எழுதிக்கம்மா."