குதிகாலில் தங்கிவிட்ட சொல்

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஒருவர் தன் மகளிடம், “நக்கோ ரோ, பேட்டி” என்றார். அழாதே என்றுதான் அர்த்தம். என் இடது குதிகால் விண்ணென்று தெறித்தது.

அது அப்பாவின் சொல். வேலை பார்த்த லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டில் என்னிடம் மட்டும் சொல்வார். சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டே கள்ளுக்கடைக்குப் போனார். திரும்பும்போது சைக்கிள் தள்ளாடி, என் கால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது. கைக்குட்டையால் கட்டுப்போட்டு, “நக்கோ ரோ. கடைக்குப் போனதை அம்மாகிட்ட சொல்லிடாதடி” என்றார். நான் அழவில்லை. சொல்லவும் இல்லை.

வீட்டில் அம்மா பதறிப்போய்க் கேட்டாள். அப்பாதான் பதில் சொன்னார்: “காலை ஆட்டாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே இவ!”

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். குதிகால் வலிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

உள்ளே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எலும்புல ஒண்ணுமே இல்லையேம்மா. சரியா எங்க வலிக்குது?”

குதிகாலைக் காட்டினேன். அதைத்தானே காட்ட முடியும்.