லாஞ்சில் இருவர், கரையில் ஒருத்தி

ஏழாம் வகுப்புக்குத் துறைமுகப் பாடம் நடத்துவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இயற்கைத் துறைமுகம், செயற்கைத் துறைமுகம், ஓதம் ஏறுவது, இறங்குவது என்று நீலச் சாக்பீஸால் கரும்பலகையில் படம் போட்டால் கடைசி பெஞ்சுகூட வாயைப் பிளந்து பார்க்கும். படம் போட்டவள் கடலைப் பார்த்ததே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. உறவுக்காரர்கள் ராமேஸ்வரம் கிளம்பும்போதெல்லாம் எனக்கு முதல் நாளே தலைவலி வந்துவிடும். எங்களுக்குத் தண்ணீர் என்றால் வண்டியூர்த் தெப்பக்குளம். நாலு பக்கமும் சுவர், இறங்குவதற்குப் படி, வருஷத்தில் பாதி நாள் தண்ணீரே இருக்காது, உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். வைகையும் அப்படித்தான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே கடந்துவிடலாம். அக்கரை தெரியாத தண்ணீர் என்றாலே எனக்குப் பயம்.

என் வீட்டுக்காரர் நேர்மாறு. பழங்காநத்தத்தில் பிறந்து, பழங்காநத்தத்திலேயே வளர்ந்து, அங்கிருந்தே ஆபீசுக்குப் போய்வந்தவர். அதனாலோ என்னவோ, பார்க்காத ஊர் என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதியில் ஒருவர் பஸ் பிடித்து ஒருநாள் சுற்றுலா நடத்திக்கொண்டிருந்தார். அந்த முறை தூத்துக்குடி என்றதும், இவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று சீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாவது சீட்டு எங்கள் மகளுக்கு. அப்போது அவள் நாலாவது படித்தாள்.

"உன்னைய யாரு கடல்ல எறங்கச் சொன்னா? ஊரத்தான் சுத்திக் காட்டுவாக. பழைய துறைமுகம், மாதா கோயில், டச்சுக்காரன் கல்லறை. பூகோள டீச்சர் பாக்காம வேற யாரு பாக்குறது?" என்று கேலி செய்தார்.

ஊரைத்தானே என்று நானும் தலையாட்டினேன். அங்கே போய் இறங்கிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. கடலுக்குள் நீண்டிருந்த படகுப் பாலத்தடியில், சுற்றிக் காட்ட இரண்டு வழிகாட்டிகள் காத்திருந்தார்கள். குடை வைத்திருந்த ஒருவர் பழைய ஊருக்குள் நடத்தியே கூட்டிப்போவார். இன்னொருவர் லாஞ்சில் ஏற்றி, கடலிலிருந்து ஊரைக் காட்டி, எதிரே இருக்கும் தீவின் பக்கம் வரை போய்த் திருப்பிக் கொண்டுவருவார். இரண்டுக்கும் நேரம் பற்றாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இதே பாலத்தடியில் சேர வேண்டும் என்றார் பஸ்காரர்.

எனக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? குடைக்காரர் பக்கம் நான் எப்போதோ நகர்ந்துவிட்டேன். மகள் அதற்குள் லாஞ்சின் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"மூணு பேரா ஒரு படகுல போகக்கூடாதுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அது உண்டு. மூன்று பேராக எந்தக் காரியத்துக்கும் கிளம்ப மாட்டோம். நாலாவதாக ஒருவரை இழுத்துக்கொள்வோம், ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லையாவது பையில் போட்டுக்கொள்வோம். வீட்டில் இருப்பதே மூன்று பேர் என்பதால் எங்களுக்கு இது தீராத தொல்லை. இவர் அதை எப்போதும் நக்கலடிப்பார்.

"லாஞ்சுல அம்புட்டுப் பேரு ஏறுறாக. நாம எப்பிடி மூணு பேராவோம்?"

"குடும்பம்னு பாத்தா மூணுதான. நீங்க போங்க. பிள்ளைய எங்கிட்ட விடுங்க."

மகள் அழத் தயாரானாள். அவளுக்கு அது ஒரு கலை. இவர் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பாவம், ஆசப்படுது. நான் பாத்துக்கிறேன். நீ நிம்மதியா கல்லறையப் பாரு" என்று சொல்லி அவளைத் தூக்கி லாஞ்சுக்குள் விட்டார். மோட்டார் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. மகளின் மஞ்சள் பாவாடை கண்ணுக்குத் தெரிகிற வரை நின்று பார்த்தேன். பிறகு வெறும் தண்ணீர்தான் இருந்தது. இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

குடைக்காரர் நல்ல வழிகாட்டிதான். நான் பூகோள டீச்சர் என்று பஸ்காரர் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். போர்ச்சுக்கீசியர் வந்தது, டச்சுக்காரர் வந்தது, முத்துக் குளித்தது எல்லாம் கோவையாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தெருமுனை வரும்போதெல்லாம் கட்டடங்களுக்கு இடையில் கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தெரிந்தாலும் பயம், தெரியாவிட்டாலும் பயம். கல்லறையில் பெரிய கல் ஒன்றையும் அதன் பக்கத்தில் சின்னக் கல் ஒன்றையும் காட்டி, "கப்பல்ல வந்தவங்கதான். இது யாரோ பிள்ளை போல" என்று சிரித்த முகமாகச் சொன்னார்.

"இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லணுமா?" என்று சள்ளென்று விழுந்தேன். அந்த மனிதர் குடையை மடக்கி விரித்தார். அதற்குப் பிறகு கதையெல்லாம் மற்றவர்களைப் பார்த்தே சொன்னார்.

மதியம் பாலத்தடிக்குத் திரும்பினோம். லாஞ்சு வரவில்லை. புளியோதரைப் பொட்டலங்களைக் கொடுத்தார்கள். எல்லாரும் பிரித்துச் சாப்பிட்டார்கள். நான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடித்தவர்கள் படுத்துத் தூங்கி எழுந்தார்கள். அப்போதும் வரவில்லை. காற்று கூடிக்கொண்டே போனது. பாலத்தின் கால்களில் காலையில் தண்ணீருக்குள் இருந்த பாசி இப்போது வெளியே தெரிந்தது.

குடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "தண்ணி வத்துற நேரம் டீச்சர். மணல் திட்டுல தட்டி நிக்கும். தண்ணி ஏறுனா தானா வந்துரும்."

"எப்ப ஏறும்?"

"ஒங்களுக்குத் தெரியாததா?"

அவர் குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கோ அத்தனை வருஷம் போட்ட படத்தில் ஒரு கோடுகூட ஞாபகம் வரவில்லை. நிலா, பூமி, அம்புக்குறி என்று என்னவோ வந்தது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது மட்டும் வரவே இல்லை.

எங்கள் பஸ்ஸில் வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் தம்பியும் லாஞ்சில் போயிருந்தார். கடைக்காரர் பாலத்தின் நீளத்துக்கு நடந்துகொண்டே எனக்குத் தைரியம் சொன்னார். "பயப்படாத தங்கச்சி. நம்ம ஆளுக இம்புட்டுப் பேரு இருக்காக. சும்மாவா இருப்பாக?"

நம்ம ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதுதான் என் பயமே. அதுவும் என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கிற நாட்களில்கூட மேல்படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொள்கிறவர். நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் மாதா கோயில் இருந்த திசையையும் பார்த்துக் கும்பிட்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு லாஞ்சு வந்தது. முதலில் இவரைத் தேடவில்லை, மஞ்சள் பாவாடையைத் தேடினேன். முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். இவர் பின்னால் வந்தார். கழுத்து வரை நனைந்து, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "தட்டிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

என்ன நடந்தது என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. ஜவுளிக்கடைக்காரரின் தம்பி எல்லாருக்கும் கேட்கும்படி, பெரிய சாகசமாகச் சொன்னார். லாஞ்சு மணலில் தட்டி நின்றதும், தண்ணீர் ஏறும்வரை ஆடாமல் உட்காரச் சொன்னாராம் ஓட்டுபவர். உட்காருகிற கூட்டமா எங்கள் கூட்டம்? பழங்காநத்தத்தில் டவுன் பஸ் நின்றுபோனால் நாங்கள் என்ன செய்வோமோ அதைத்தான் கடலிலும் செய்திருக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். இடுப்பளவுதான் என்று நினைத்துத் தள்ள, லாஞ்சு சட்டென்று வழுக்கிக்கொண்டு போக, நாலு எட்டில் காலுக்குக் கீழே மணலே இல்லையாம். ஓட்டுபவர் கயிறு வீசி ஒவ்வொருவராக இழுத்துப் போட்டாராம். பஸ் முழுக்கச் சிரித்தது. இவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

மகள் என் மடியில் படுத்துக்கொண்டு தன் பங்குக்குக் கதை சொன்னாள்.

"எல்லாரும் எறங்குனாங்கம்மா. 'என்ன சார், நீங்க மட்டும் உக்காந்திருக்கீக'ன்னு அப்பாவையும் கூப்பிட்டாங்க. அப்பா, லாஞ்சுல மெதக்குறதுக்கு வச்சிருந்த லாரி டியூப எனக்கு மாட்டிவிட்டாரு. அப்பறம் வீட்டு விலாசத்தச் சொல்லச் சொன்னாரு."

"விலாசம் எதுக்கு?"

"தெரியல. ஸ்கூல்ல சொல்ற மாதிரி அப்பா பேர மொதல்ல சொல்லி ஆரம்பிச்சேன். அப்பா பேரு வேணாம், அம்மா பேரச் சொல்லுன்னாரு. நான் மறந்து மறந்து அப்பா பேரயே சொன்னேன். திட்டிட்டாரும்மா. சரியா வர்ற வரைக்கும் சொல்ல வச்சாரு. அதுக்கப்பறந்தான் எறங்குனாரு."

நீச்சல் தெரியாத மனிதர், திரும்பி வராதவன் பேரைச் சொல்லி என்ன பயன் என்று நினைத்திருக்கிறார்.

"இனிமே ஸ்கூல்லயும் ஒம் பேரத்தான் சொல்லணுமாம்மா?"

"வேணாம்டி. அப்பா பேரயே சொல்லு" என்றேன். கரையில் உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் வராத நடுக்கம் அப்போது எனக்கு வந்தது. கடல் எங்கோ பின்னால் போய்விட்டிருந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல் காடு. அருப்புக்கோட்டை வந்து, எல்லாரும் டீ குடிக்க இறங்கிய பிறகும் அந்த நடுக்கம் நிற்கவில்லை.