கறுத்த கல்லுக்குக் கீழே

நாரந்தனையில் இராசமணியின் மிளகாய்த் தோட்டம் பட்டுப்போனது 1986ஆம் ஆண்டு ஆனி மாதம். வெயிலால் பட்டது என்று இப்போதும் சிலர் சொல்லுவார்கள். பொய். அடுத்த வளவுக்காரன் நான், வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்தவன். அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்தான் அதைக் கொன்றார்.

புருசன் செத்த பிறகு இராசமணிக்கென்று மிஞ்சியது இரண்டு பரப்புத் தோட்டமும் ஒரு கிணற்றில் அரைப் பங்கும். மற்றப் பாதி அண்ணன் தம்பிராசாவினுடையது. ஒரு நாள் அவளுடைய முறை, மறுநாள் அவருடையது. எங்கள் தீவில் கிணறு என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிற கொஞ்ச மழைத் தண்ணீர்தான். துலாவில் வாளி கட்டி ஆறுதலாக இறைத்தால் நல்ல தண்ணீர் ஊறும். அவசரப்பட்டால் கீழே கிடக்கிற உவர் ஏறிவிடும். அதற்காகவே அவர்களுடைய தகப்பன் கிணற்றின் உட்சுவரில் ஒரு கறுத்த கல்லைப் பதித்து வைத்திருந்தார். தண்ணீர் அந்தக் கல்லுக்கு இறங்கினால் இறைப்பை நிறுத்திவிட வேண்டும்.

இராசமணி கல்லுக்கு நாலு சாண் மேலேயே நிறுத்திவிடுவாள். அவளுடைய தோட்டத்துக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. வருடா வருடம் பனையோலையைக் கிழித்து மண்ணுக்குள் தாழ்த்துப் புதைப்பாள், அதற்குமேல் ஆட்டெரு போடுவாள். உக்கின ஓலை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கொத்துக் கொத்தினால் நாலு மண்புழு நெளியும். எட்டு வருட உழைப்பு அது. "இராசமணி மண்ணுக்குச் சோறு தீத்திறா" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். தம்பிராசாவின் பக்கம் உர மூட்டை மட்டுந்தான். காலையில் விட்ட தண்ணீர் மத்தியானம் போன இடம் தெரியாது.

அந்த ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் மடத்தில் தங்கிச் சமையல் வேலை செய்வதாக அவளுக்கு நேர்த்தி. மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம். அந்த வருடம் அவளுடைய சீவியமே அந்தக் கன்றுகளில்தான். அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

"என்ர முறைக்கும் நீங்களே இறைச்சு விடுங்கோ அண்ணை. கல்லை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

"நீ யோசியாமல் போட்டு வா பிள்ளை. ஒரு முறையும் தவற விடமாட்டன்."

அவள் வள்ளம் ஏறின மறுநாளே இறைப்பு மிசின் வந்து இறங்கியது. தம்பிராசா வழக்கத்தைவிட மூன்று மடங்கு வெங்காயம் நட்டிருந்தார். துலாவால் அதற்கு இறைத்து முடிக்க ஏலாது. தங்கச்சி ஊரில் நின்றால் மிசினைக் கிணற்றடிக்கு விடமாட்டாள் என்றும் அவருக்குத் தெரியும். விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை அது கத்தியது. கறுத்த கல் என்ன, கிணற்றின் அடியே தெரிந்தது. அண்ணன் தங்கச்சி விஷயம், எனக்கேன் வில்லங்கம் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

திருவிழா முடிந்து இராசமணி வந்தாள். கையில் அண்ணனுக்கென்று கட்டிக்கொண்டு வந்த பிரசாதம். தோட்டத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். இலை நுனியெல்லாம் கருகி, பிஞ்சு கொட்டி, வாய்க்கால் கரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கிணற்றில் அள்ளி ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். துப்பினாள்.

தம்பிராசா வந்தார். பிழை விட்ட ஆட்கள் வருவதுபோலக் கோபமாகவே வந்தார்.

"நான் சொன்ன சொல்லுத் தவறேல்லை. உன்ர முறை ஒவ்வொண்டுக்கும் இறைச்சனான். இவனைக் கேட்டுப்பார்" என்று வேலியடியில் நின்ற என்னைக் காட்டினார்.

"உங்கட வெங்காயம் எங்கை அண்ணை?"

"கிண்டி எடுத்தாச்சு."

"எப்ப?"

"போன கிழமை. தண்ணி கரிக்கத் தொடங்கின உடனை..."

"கரிக்குதெண்டு தெரிஞ்சுதான் என்ர கண்டுகளுக்கு விட்டனீங்கள்" என்றாள் இராசமணி.

இறைப்பை நிறுத்தினால் ஏன் என்று கேள்வி வரும். அதற்குப் பயந்து அண்ணன் ஒரு கிழமையாக உப்புத் தண்ணீரை முறை தவறாமல் விட்டிருக்கிறார். மிளகாயை வெட்டிச் சாய்த்திருந்தால்கூட நான் இவ்வளவு கொதித்திருக்கமாட்டேன். இராசமணி பிரசாதத்தை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த மாரி நல்ல மழை. தை மாதம் கிணறு பழையபடி இனித்தது. மண்புழுக்கள்தான் இன்னும் வரவில்லை. இராசமணி திரும்பவும் முதலிலிருந்து ஓலை தாழ்த்துக்கொண்டிருந்தபோது தம்பிராசா வரம்பில் வந்து நின்றார்.

"தண்ணி திருந்தீற்றுது பிள்ளை. இனிப் பழசை விடு."

அவள் நிமிரவில்லை.

"கிணறு மறந்திட்டுது அண்ணை. நான் கிணறில்லை."

அவர் வந்த வழியே போனார். மறுநாள் அவருடைய முறை. கோபம் கோபம், முறை முறை; அவள் துலாவைத் தொடவில்லை.