சரிவில் கட்டிய பிரசவ வார்டு

போன வாரம் இலங்கை மலையகத்தில் எல்ல என்ற ஊருக்குப் போயிருந்தேன். மலை விளிம்பில், தூண்கள் மேல் ஒரு புது விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. ஈரச் சீமெந்து வாசம் மூக்கில் ஏறியதும் என் கால்கள் தானாகப் பின்வாங்கின. கூட வந்த நண்பர், "என்ன, தலை சுத்துதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம்.

எனக்கு அது நாயகம் ஐயாவின் வாசம். எழுபதுகளின் தொடக்கத்தில் பதுளையில் அவருடைய அலுவலகத்தில் நான் படவரைஞன். ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. கீழே பாண் வேகும் மணம். மேலே வரைபடம் நகலெடுக்கும் அமோனியாவின் கண் எரிக்கும் நெடி. இரண்டும் கலந்து மூளையில் ஒட்டிவிட்டன. சூடான பாணைக் கண்டால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். மனைவி அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐயா பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கிளாக்கர் ஒருவரின் மகன். இங்கிலாந்தில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவர். மற்றவர்கள் வெள்ளைக்காரப் பங்களாவையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்க, இவர் பூசாத கொங்கிரீட்டும் அகலக் கண்ணாடியுமாகக் கட்டினார். பதுளையில் வளைந்த முகப்போடு ஒரு சினிமாப் படமாளிகை. பண்டாரவளையில் ஒரு பஸ் நிலையம். அதன் கூரையைப் பார்த்துச் சனங்கள் "கவுத்துப்போட்ட தொப்பி" என்றார்கள். கேட்டு அவரும் சிரித்தார்.

உயிரை வைத்து அவர் கட்டியது ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிரசவ வார்டு. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் இருட்டறையில் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்த பெண்களுக்கு வெளிச்சமான ஒரு கட்டடம். நிர்வாகம் நல்ல நிலம் தரவில்லை. தேயிலை வளராத ஒரு சரிவைக் காட்டியது. ஐயா கொஞ்சம் யோசித்தார், பிறகு தூண்களை ஊன்றிக் கட்டிவிட்டார். திறந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தனக்கே பேறுகாலம் முடிந்ததுபோல் நின்றார்.

இரண்டாவது மழைக்காலத்தில் தகவல் வந்தது: தூணில் வெடிப்பு. ஓடினோம். வெடிப்பின் குறுக்கே ஐயா மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்து ஒட்டினார். கட்டடம் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மழை விடாமல் பெய்தது. மேலே வார்டில் லெச்சுமி என்ற கொழுந்து பறிக்கும் பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். மற்றவர்களை வெளியேற்றியாகிவிட்டது.

"இவளையும் இப்பவே எறக்கணும், திரேசம்மா," என்றார் ஐயா.

மருத்துவச்சி திரேசம்மா வாசலை மறித்து நின்றாள். "தல எறங்கிருச்சுங்க ஐயா. இப்ப அசைச்சா ரெண்டு உசுருக்கும் ஆகாது. கண்ணாடி ஒடஞ்சா சொல்லுங்க. அதுவரைக்கும் என்னைய விடுங்க."

ஐயா இறங்கித் தூணருகே வந்து நின்றார். நானும் நின்றேன். தைரியத்தினால் அல்ல, அவர் பார்க்கும்போது ஓட வெட்கமாக இருந்தது. தலைக்கு மேல் அலறல், காலுக்குக் கீழே மண் ஊறும் சத்தம். ஐயா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, நீ மேல பாதைக்குப் போயிரு," என்றார். நான் வாயைத் திறக்குமுன் கண்ணாடி 'டிக்' என்றது. அவ்வளவு சின்னச் சத்தத்துக்கு நான் அப்படிப் பயந்ததே இல்லை.

"தூக்குங்க!" என்று ஐயா கத்தினார். லெச்சுமியின் புருஷன் கதிர்வேலும், ஐயாவும், நானும், இன்னொருவரும் மெத்தையோடு அவளைத் தூக்கிக்கொண்டு பாதையில் ஏறினோம். சேற்றில் வழுக்கியது. "ஐயோ, விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க," என்று கதிர்வேல் எங்களிடம் சொன்னானோ சாமியிடம் சொன்னானோ. மாதா கோயில் திருப்பம் வந்ததும் திரேசம்மா, "நிப்பாட்டுங்க! எறக்குங்க!" என்றாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துச் சுற்றிலும் மறைப்பாகப் பிடித்தார்கள். "ஆம்பளைங்க அங்கிட்டுத் திரும்புங்க!" என்றாள் ஒருத்தி.

திரும்பினோம். எதிரே வார்டு.

முன்பக்கத் தூண்கள் மெதுவாக மண்டியிட்டன. கூரை ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு சரிவு முழுவதும் கட்டடத்தை இழுத்துக்கொண்டு இறங்கியது. அந்த இரைச்சல் அடங்கியபோது முதுகுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது.

"பொட்டப்புள்ள!" என்றாள் திரேசம்மா. ஐயா திரும்பவில்லை. வெற்றுச் சரிவைப் பார்த்தபடி, மழையில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவரை வாட்டியது. அதன்பிறகு வேலை வந்தாலும் பென்சிலைத் தொடத் தயங்கினார். சில வருஷம் கழித்து, தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி லெச்சுமியின் குடும்பத்துக்கும் சீட்டு வந்தது என்று கேள்விப்பட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போனார். கப்பலேறத் தலைமன்னார் போகிறவர்களை ஏற்றிய அந்த வண்டியைச் சனங்கள் 'அழுகைக் கோச்சி' என்பார்கள். பெட்டிக்குப் பெட்டி ஒப்பாரி. ஐயா ஜன்னலோரம் போய், "என்னை மன்னிச்சுக்க, லெச்சுமி. அந்தக் கட்டடத்த நான் அங்க கட்டியிருக்கக் கூடாது," என்றார்.

அவள் மடியில் இருந்த மகளை நிமிர்த்தி உட்காரவைத்தாள். "அப்படிச் சொல்லாதீங்க ஐயா. எங்களுக்குன்னு கட்டுனது அது ஒன்னுதாங்க. மத்தது பூராவும் தேயிலைக்குக் கட்டுனது."

கோச்சி நகர்ந்தது. ஐயா பிளாட்பாரத்தின் கடைசிவரை கூடவே நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. படமாளிகை இருந்த இடத்தில் துணிக்கடை. பஸ் நிலையத்தை இடித்துவிட்டார்கள். தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. அந்தச் சரிவில் மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. தமிழ்நாட்டில் எங்கோ, ஐம்பதைத் தொட்ட ஒரு பெண் இருப்பாள். என்றாவது அவள் வந்து, தான் பிறக்கவிருந்த இடம் எது என்று கேட்டால், காட்டுவதற்கு என்னை விட்டால் ஆளும் இல்லை, ஒரு செங்கல்லும் இல்லை.