கருப்பருக்குச் சொன்ன சேவல்

குட்டைக் கோழி வளர்ப்பவனுக்குக் கோழியால் வரும் தொல்லை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மனிதர்களால் வருவது. உங்களில் யாராவது அழகுக்கென்று கோழி வளர்த்துச் சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டிருந்தால், நான் சொல்வது உடனே விளங்கும்.

வேண்டுதல்

வேண்டிக்கொண்ட அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி அழகம்மாள், அவள் தம்பி முத்தையா, மஞ்சள் அரைத்து எடுத்து வந்த பக்கத்து வீட்டுச் சவரியம்மாள். கோழிகள் பதினாறு. முந்தின வாரம் இருபத்துமூன்று இருந்தன. எங்கள் குளத்தூர்ப் பக்கம் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து ஏழு செத்துப்போய்விட்டன.

இந்தக் கோழிகள் எனக்கு வந்தது எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். நான் தோட்டம் பார்த்த வீட்டு அதிகாரி ஊரைக் காலி செய்து போகும்போது, ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் கொண்ட கூடையை என் கையில் கொடுத்தார். பேன்டம் கோழி என்றார். வளர்ந்து முடிந்தாலும் புறாவைவிடச் சற்றுத்தான் பெரிதாக இருக்கும். அந்த மூன்றை ஒன்பது வருஷத்தில் இருபத்துமூன்றாக்கியிருந்தேன்.

மிச்சமிருந்த பதினாறில் நான்கு தலையைத் தொங்கப் போட்டு நின்றன. அழகம்மாள் மஞ்சள் துணியில் காசு முடிந்து, "கருப்பா, இதுகளைக் காப்பாத்திக் குடு. இருக்கிறதுலயே நல்ல சேவலை ஒனக்குத் தாரேன்" என்று வேண்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. எட்டாம் நாள் எண்ணினேன், பதினாறு. எல்லோரும் சந்தோஷப்பட்டபோது முத்தையா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டான்: "ஏங்க்கா, ஒரு சேவல்னு சொன்னாப் பத்தாதா? நல்ல சேவல்னு எதுக்குச் சொன்ன?"

மூன்றில் எது

என்னிடம் அப்போது சேவல்கள் மூன்று. ஒன்று வெள்ளை. கால் விரல் வரைக்கும் இறகு, வாலில் பெரிய இறகு பதினான்கு, கொண்டையில் பல் ஐந்து. இரண்டாவது செவலை, இடது காலில் ஒரு விரல் கோணல். மூன்றாவது புள்ளிச் சேவல், கூவும்போது இருமும். வெள்ளையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மூன்று தலைமுறை பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததில் வந்தது அது. செவலையைக் கொடுத்துவிடலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எது நல்லதுன்னு யாரு கண்டா?" என்றும் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

அடுத்த மாதம் கீரனூரில் விவசாயக் கண்காட்சி. அங்கே நடக்கும் அழகுக் கோழிப் போட்டிக்கு மூன்று சேவலுக்கும் முன்னமே பெயர் கொடுத்திருந்தேன். அழகம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "கீரனூருக்குத் தூக்கிட்டுப் போறீங்கல்ல, அங்க எதுக்கு முதல் பரிசோ அது சாமிக்கு. பரிசு குடுக்கிற மாட்டு டாக்டரே சொல்லட்டும்."

பூந்திக்கொட்டை

ஆகவே வெள்ளை தோற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். செவலையையும் புள்ளியையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டி, வெயிலில் காயவைத்து, கொண்டையில் தேங்காயெண்ணெய் தடவினேன். வெள்ளையை அழுக்காகவே கூடையில் விட்டேன். அதன் காலிறகில் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது.

கூடையை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். கண்காட்சிக்குப் போகிற கோழியைச் சாணியோடு எடுத்துப் போனவன் என்று நாலு பேர் சொன்னால் என்ன ஆவது? காலை மட்டும் கழுவினேன். கால் வெளுத்ததும் வயிறு பழுப்பாகத் தெரிந்தது. வயிற்றைக் கழுவினேன். கடைசியில் அதற்கு மட்டும் இரண்டு தண்ணீர் ஆகிவிட்டது. பஸ்ஸுக்குக் கூப்பிட வந்த முத்தையா பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், சாமிக்கு அனுப்பத்தான் இம்புட்டு மெனக்கெடுறீங்களா?"

கீரனூரில்

அழகுக் கோழி வரிசையில் ஐந்து சேவல்கள். மூன்று என்னுடையவை, இரண்டு விராலிமலைக்காரர் ஒருவருடையவை. கால்நடை டாக்டர் ஒவ்வொன்றையும் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். பிறகு வாசித்தார். முதல் பரிசு செவலை. வெள்ளைக்குக் கொண்டையில் ஐந்து பல் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு, அதனால் இரண்டாம் பரிசு.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சும்மா நிற்பது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். அது எனக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் அவர் ஆறு என்றார்.

"அஞ்சுங்க சார்" என்றேன்.

"ஆறு, பெரியவரே."

"அஞ்சுதாங்க. கடைசியில இருக்கிறது பல்லு இல்லை, மடிப்பு. விரலை வச்சு எண்ணிப் பாருங்க." சேவலைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன்: "அந்தச் செவலைக்கு வைக்கோலுக்குள்ள இடது கால் விரல் கோணலா இருக்கு. நீங்க பாக்கலை."

டாக்டர் எண்ணினார். வைக்கோலை விலக்கிப் பார்த்தார். எழுதியதை அடித்து, முதல் பரிசை வெள்ளைக்கு மாற்றினார். "இவ்வளவு நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முத்தையா என் காதருகே வந்து சொன்னான்: "மச்சான், பொறந்ததுலேருந்து பேசாத ஆளு, இன்னிக்கா பேசணும்?"

கோயிலில்

வெள்ளிக்கிழமை நானும் அழகம்மாளும் வெள்ளையைக் கூடையில் வைத்துக் கருப்பர் கோயிலுக்கு நடந்தோம். கூடைக்கு மேலே வெயில் படாமல் அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னும் கால்மணி நேரத்தில் அறுக்கப் போகிற கோழிக்கு நிழல் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பூசாரி அரிவாளைத் தீட்டிவிட்டுக் கூடைக்குள் கையை விட்டார். சேவலை எடுத்து ஒரே உள்ளங்கையில் உட்காரவைத்து, இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்தார். அதற்கு அப்போது மூன்று வயது முடிந்து நான்கு மாதம். இனி ஓர் இறகுகூட வளராது. அது எனக்குத் தெரியும், அழகம்மாளுக்கும் தெரியும். நான் அவளைப் பார்த்தேன். அவள் கோயில் மணியைப் பார்த்தாள். பூசாரி சேவலைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டுக் கோபமாகச் சொன்னார்: "என்ன ஆத்தா, குஞ்சைக் கொண்டாந்து நீட்டுற? போ, நல்லா வளத்து அடுத்த வருஷம் கொண்டா."

அடுத்த வருஷமும் அதற்கு அடுத்ததும்

சொன்ன சொல் தவறக் கூடாது என்று அடுத்த வருஷமும் கொண்டுபோனோம். திருப்பி அனுப்பினார். மூன்றாம் வருஷம் பூசாரி சேவலைத் தொடக்கூட இல்லை. வேளைக்கு ஒரு கைப்பிடிக் கம்பு, வாரம் இரண்டு நாள் கரையான் என்று தவறாமல் போடுகிறவன் நான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அழகம்மாளிடம்தான் கேட்டார்: "ஏன் ஆத்தா, இவரு கோழிக்குத் தீனி போடுறாரா, இல்ல எண்ணிக்கிட்டு மட்டும் இருக்காரா?"

வெள்ளை போன தை மாதம் வயதாகித் தானாகவே செத்தது. வேண்டுதல் இன்னும் அப்படியே இருப்பதால், எந்தச் சேவலையும் அழகம்மாள் காதுபட நான் நல்ல சேவல் என்று சொல்வதில்லை. கூட்டில் இப்போது இருபத்தொன்பது.