பலகைக்கும் பலகைக்கும் நடுவே

மைசூரில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் பளபளப்பான டைல்ஸ் போட்டிருந்தோம். ஒரு மழைக்காலை பேப்பர் எடுக்கப் போன என் கணவர் அதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்துக் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியவர், தினமும் வாசல்வரை வந்து நின்றுவிடுவார். அதற்குமேல் ஒரு படி இறங்க வேண்டும். அதுதான் அவரால் முடியவில்லை.

டைல்ஸுக்கு மேலேயே சட்டம் அடித்துப் பலகை போட்டால் தரை வாசல் மட்டத்துக்கு வந்துவிடும் என்றார், பக்கத்து வீட்டில் ஜன்னல் மாற்ற வந்திருந்த, ஹனூர்ப் பக்கத்துத் தமிழரான ஆசாரி. மரம் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. ஆபீஸ் முடிந்து மூன்று மாலை மரக்கடைகளில் அலைந்தேன். எதைக் கேட்டாலும் மழைக்குத் தாங்கும் என்றார்கள். மூன்றாம் நாள் ஆசாரியும் கூட வந்தார். கடைக்காரர் ஹொன்னே என்று காட்டியதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வேங்கைதானுங்க அக்கா. இதையே எடுத்துக்கலாம்" என்றார். எனக்குக் கால் வலித்தது. சரி என்றேன்.

பலகை போடும் அன்று, விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு நான்கைந்தை அடுக்கிக் காட்டினார். என் கணவர் தடியை ஊன்றிப் பார்த்தார். அதன் நுனி சந்தில் இறங்கிச் சிக்கியது.

"இந்தச் சந்தே வேண்டாம். ஒட்டிப் போடுங்க" என்றார்.

"மழைத் தண்ணி எங்கீங்க போகும்? மரம் ஊறுனா உப்புமுங்க."

"நான் மறுபடி விழுந்தா யார் பாக்கறது?"

அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அந்த ஆறு மாதம் நினைவுக்கு வந்தது. "ஒட்டியே போட்டுடுங்க" என்று நான் சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் மழை விடாமல் பெய்தது. பலகைகள் நடுவில் மேடு தட்டின. போர்டிகோவின் கிரில் கதவு அவற்றில் பாதியில் முட்டி நின்றது. ஆசாரி வந்து பார்த்தார். அப்போதே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"கழட்டிக் காய வெச்சு மறுபடி போடலாமுங்க. சந்து விட்டே போடலாமுங்க, தடி நுனிக்கு அகலமா ஒரு ரப்பர் குப்பி மாட்டுனா சந்துல எறங்காது."

மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். இது முன்பே யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் பலகைகள் ஹாலில் சாய்ந்து கிடந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டே சமையலறைக்கும் ஆபீஸுக்கும் போய் வந்தேன். "என்னாலதானே இதெல்லாம்" என்றார் என் கணவர் ஒரு நாள். மறுக்கத் தெம்பில்லாமல் சாப்பாடு போட்டேன்.

சந்து விட்டு மறுபடி போட்டு முடித்த மாலை, அவர் தடியை ஊன்றிப் போர்டிகோவின் விளிம்புவரை நடந்தார். திரும்பி வந்தார். மீண்டும் போனார்.

"வருசா வருசம் மழைக்கு முன்னால எண்ணெய் தடவோணுமுங்க அக்கா" என்றார் ஆசாரி, சாமான்களைப் பையில் போட்டபடி.

தலையாட்டினேன். ஆபீஸ் பையைத் தோளிலிருந்து இறக்காமலே அந்தப் பலகைமேல் உட்கார்ந்தேன்.